சந்நிதித் தேரும் என் வலக்கண்ணும்

எனக்கு ஒரு கண்தான் கண். இடக்கண் சின்ன வயதில் கிட்டிப்புள் பட்டு மங்கிப்போனது. வெயிலா நிழலா என்று மட்டும் சொல்லும். மிச்சமெல்லாம் வலக்கண்ணின் பாடு. பருத்தித்துறையிலிருந்து திருகோணமலைக்குச் சாமான் ஏற்றிப் போகும் பாய்வத்தை என்ற பாய்மரத் தோணிக்கு அப்போது நான் தண்டையல், தலைவன். பாயை விரிப்பதும் சுருக்குவதும் என் வாய்ச்சொல்லில்தான். ஒற்றைக்கண்ணன் என்று எவனாவது முணுமுணுத்தால், "உன்ரை ரெண்டு கண்ணுக்கும் தண்ணிக்கடியிலை கிடக்கிற உந்தக் கல்லு தெரிஞ்சுதோடா?" என்று கேட்பேன். பொத்திக்கொண்டு போவான்.

அந்த வலக்கண்ணில்தான், அறுபத்தாறாம் ஆண்டு சித்திரையில், கறுப்புச் சீலை விழுந்தமாதிரி ஒன்று விழுந்தது. நோவில்லை, எரிவில்லை. கரையில் நின்று என் வத்தை ஆள் ஏரம்புவோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன். அவனுடைய கால் தெரிகிறது, தலையைக் காணவில்லை.

"எடேய், தலையை எங்கையடா வைச்சிட்டு வந்தனீ?" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தான். பின்னேரம் காலும் தெரியாமற் போனது.

வீட்டில் பெண்கள் கூடிவிட்டார்கள். கண்ணூறு என்று ஒருத்தி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடச் சொன்னாள் இன்னொருத்தி. என் மனைவி நாகேஸ்வரி ஒருவருக்கும் பதில் சொல்லாமல் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கினாள். அடுத்த நாள் கொழும்பு ரயிலில் என் தலை அவள் மடியில் இருந்தது.

"உள்ளுக்கை இருக்கிற சவ்வு கழண்டுபோச்சு. ஒப்பிரேசன் செய்துதான் ஒட்டவேணும்" என்றார் கொழும்பில் டொக்டர்.

"ஒட்டாட்டில்?"

டொக்டர் பேனையை எடுத்து எழுதும் சத்தம் கேட்டது.

ஒப்பிரேசன் முடிந்ததும் இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். வத்தை புரளாமல் இருக்க நாங்கள் அடியில் மணல் ஏற்றுவோம். அதேமாதிரி என் தலைக்கு இரு பக்கமும் மணல்மூட்டை வைத்தார்கள். அசையாதே, இருமாதே, தும்மாதே! கடலில் திரிந்தவனுக்கு இதைவிடத் தண்டனை வேறென்ன? நாகேசு கரண்டியால் கஞ்சி பருக்குவாள். சுடுகிறது என்று ஏசுவேன், ஆறிவிட்டது என்றும் ஏசுவேன். அவள் ஒரு சொல் திருப்பிச் சொல்லமாட்டாள். அதுவும் எனக்குக் கோபம்.

பார்க்க வந்த ஏரம்பு, "அண்ணை, கண்ணோடை சேத்து வாயையும் கட்டியிருந்தாங்களெண்டால் அக்கா தப்பியிருப்பா" என்றான். அப்போதுதான் நாகேசு சிரிக்கும் சத்தம் கேட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்ட சத்தம்.

கட்டு அவிழ்த்த அன்று முதலில் ஒரே மங்கல்.

"தெரியுதே?" என்றாள் நாகேசு.

மங்கலுக்குள் மூக்குத்தி மினுங்கியது. பிறகு மூக்கு. பிறகு அழுது வீங்கிய முழு முகம்.

"உந்த மூக்குத் தெரியாமல் எங்கை போகும்?" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கலியாணத்தன்றுகூட நான் அந்த முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். "குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தலை குலுங்கவே கூடாது. இன்னொருக்கால் கழண்டால் என்னாலையும் ஏலாது."

அதைக் கேட்டதும் நாகேசுவின் முகம் செத்துப்போனது. ரயிலில் ஆனையிறவு உப்புக்காற்று முகத்தில் அடித்தபோதுதான் விம்மத் தொடங்கினாள்.

"ஒப்பிரேசன் நடக்கேக்கை வெளியிலை நிண்டு நேர்ந்துபோட்டனப்பா. கண் தெரிஞ்சால் சந்நிதி முருகன் கோயில் தேருக்கு நீங்கள் பிரதட்டை அடிப்பியளெண்டு."

அடி பாவி! பிரதட்டை என்றால் ஈர வேட்டியோடு சுடுமணலில் கோயிலைச் சுற்றி உருளவேண்டும். எங்கள் கரைப் பெண்களின் பழக்கம் இது: நேர்வது தங்கள் வாயால், நேர்த்தியில் வைப்பது புருசனுடைய உடம்பை. தலை குலுங்கினால் கண் போகும் என்கிறார் டொக்டர். சந்நிதி முருகனுக்குச் சொன்னதைச் செய்யாவிட்டால், தந்தவனே கண்ணை எடுத்துக்கொண்டு போவான். எந்தப் பக்கம் போனாலும் இருட்டுத்தான்.

"அடிக்கிறன். அறுபத்து நாலாம் ஆண்டுப் புயலுக்கையும் வத்தையைக் கரைசேத்தவன் நான்" என்றேன்.

"வேண்டாம். வெள்ளியிலை கண்மடல் செய்து குடுப்பம்."

"நேர்ந்தது ஒண்டு, குடுக்கிறது ஒண்டோ? பேரம் பேச அவன் என்ன மீன் சந்தையிலையோ இருக்கிறான்?"

ஆவணி வரைக்கும் இதே சண்டை. என் பயத்தை நான் அவளிடம் காட்டவில்லை. ஆனால் தினமும் விடியக் கண்ணைத் திறக்கமுன் நெஞ்சு பதறும். அவள் பக்கத்தில் வந்து நின்று, "தெரியுதே?" என்பாள். "ஓம், தெரியுது" என்ற பிறகுதான் தேத்தண்ணி போடப் போவாள்.

தேரன்று விடிய அவளைக் காணவில்லை. குசினிக்குள் அடுப்போடு நிற்கிறாள் என்று நினைத்து, சொல்லாமல் நழுவி பஸ்ஸில் ஏறினேன். கோயிலடியில் ஓடும் தொண்டைமானாற்றில் மூழ்காமல் செம்பால் அள்ளி வார்த்தேன். பிறகு ஈர வேட்டியோடு கோயில் வீதிக்கு வந்தேன். அரோகரா என்று சனம் இரைந்தது. தேருக்குப் பின்னால் ஆண்கள் உருளத் தொடங்கியிருந்தார்கள். இருக்கிற ஒரு கண்ணால் வானத்தை ஒருக்கால் வடிவாகப் பார்த்துவிட்டு முழங்காலை மடித்தேன்.

"நில்லுங்கோ!"

எனக்கு முன்னால், சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு நாகேசு. கையில் என் பழைய குடை.

"விலத்தடி, இது என்ரை நேர்த்தி."

"உங்கடையோ? நேர்ந்த வாய் ஆருடைய வாய்? வாய் என்ரையெண்டால் உடம்பும் என்ரையாத்தான் இருக்கவேணும். நான் அடியழிக்கிறன். சந்நிதியானோடை எல்லாம் கதைச்சிட்டன். நீங்கள் குடையைப் பிடியுங்கோ."

அடியழிப்பது பெண்களின் நேர்த்தி. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டு, எழும்பி, கை தொட்ட இடத்திலிருந்து மறுபடி விழவேண்டும். அப்படியே கோயிலைச் சுற்றவேண்டும். நான் வாய் திறக்கமுன் அவள் மணலில் விழுந்துவிட்டாள்.

ஊரையே ஏவித் திரிந்த தண்டையல், பெண்சாதிக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ஏரம்பு பார்த்தான், பகிடி பண்ணவில்லை. மணல் கொதித்தது. அவள் முழங்கை உரிந்து இரத்தம் கசிந்தது. குனிந்து தூக்கவும் எனக்கு வழியில்லை. குனியாதே, தூக்காதே, குலுங்காதே என்ற டொக்டர், அழாதே என்று சொல்லவில்லை. சனத்துக்கு நடுவில் நின்று குழந்தைப்பிள்ளைமாதிரி அழுதேன்.

வாசலுக்கு வந்து எழும்பி இருந்தாள். நெற்றி தொடக்கம் நாடிவரை மணல். அந்த மணலுக்குள் மூக்குத்தி மட்டும் மினுங்கியது. அண்ணாந்து பார்த்து, "தெரியுதே?" என்றாள்.

"தெரியுதடி" என்றேன்.

இப்போது வத்தை இல்லை. சாமானெல்லாம் லொறியில் போகிறது. நாகேசுவும் போய்விட்டாள், வருகிற தையோடு இரண்டு வருசம். கண்ணுக்கு ஒரு பழுதும் இல்லை. தூரத்தில் வரும் தோணி யாருடையது என்று இன்றைக்கும் சொல்வேன். விடியக் கண் விழித்ததும், "ஓம், தெரியுது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பாயைவிட்டு எழும்புகிறேன். கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்கிறாள் மருமகள். சொல்லட்டும். கேட்க ஆளில்லாவிட்டாலும் பதில் சொல்லவேண்டும். அது என் வாயால் நான் நேர்ந்தது.