விளம்பரத்தில் சிரிப்பவர்கள்

அந்த வீட்டில் 'லிஃப்ட் வேலை செய்யாது' தொடர் ஓடும்போது யாரும் சிரிக்கக் கூடாது. சட்டம் போட்டவர் அப்பா. அப்போதிருந்த பழைய டிவியில் சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கும், குறைத்தால் முணுமுணுக்கும். யாராவது ஒருத்தர் சிரித்தால் போதும், அடுத்த வசனம் அம்போ. "சிரிக்கிறதெல்லாம் விளம்பரத்துல வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அதனால் நாலு பேரும் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, தலையணையைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். விளம்பரம் வந்ததும் ஒரேயடியாக வெடிப்பார்கள். சோப்பு விளம்பரத்துக்கு இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிற குடும்பத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று அடுத்த வீட்டுக்காரம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். பிறகு நல்ல டிவி வந்தது. சட்டம் மட்டும் மாறவில்லை.

தொடரின் கதை ஒன்றும் பெரிய கதையில்லை. நாலு மாடிக் கட்டிடம், அதில் ஓடாத ஒரு லிஃப்ட், மூச்சு வாங்கிக்கொண்டு படியேறும் குடித்தனக்காரர்கள், வாடகையை மட்டும் ஏற்றத் தெரிந்த ஒரு வீட்டுக்காரர். மெக்கானிக் எப்போதும் 'நாளைக்கு' வருவார். வந்ததே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பாவே லிஃப்ட் மெக்கானிக். "எந்த லிஃப்டுடா இத்தனை வருஷம் ரிப்பேரா கிடக்கும்? எங்க மானத்தை வாங்கறாங்க" என்று வாரா வாரம் திட்டுவார். திட்டிக்கொண்டே ஒரு வாரத்தைக்கூட விடாமல் பார்த்த மனுஷன் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

அந்தத் தொடரோடுதான் அக்காவும் தம்பியும் வளர்ந்தார்கள். அக்காவை அந்த வீட்டில் தம்பி மட்டுமல்ல, அப்பாவும் அம்மாவும்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் இப்போது கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறாள். தம்பி, யாரும் நினைத்துப் பார்க்காதபடி, அந்தத் தொடரின் எழுத்தாளர் குழுவிலேயே போய்ச் சேர்ந்தான். முதலில் வசனத்தைப் பிரதி எடுக்கிற வேலை. அப்புறம் அங்கே ஒரு வரி, இங்கே ஒரு காட்சி. இப்போது தொடர் முடியப் போகிறது. தலைமை எழுத்தாளர், "எனக்கு இதை முடிக்க மனசு வரல, நீயே முடிச்சுடு" என்று கடைசிப் பகுதியை முழுசாக அவனிடம் கொடுத்துவிட்டார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், கண்ணாடியை மூக்கில் மாட்டிவிடும் சாக்கில், விஷயத்தைக் காதில் போட்டு அனுப்பினாள்.

அப்பாவுக்கோ வேறு கவலை. ஓய்வு பெற்ற பிறகும் பழைய கம்பெனியில் அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. அங்கே ஒரு இடம் காலி. சூப்பர்வைசரிடம் தம்பிக்காகச் சொல்லி வைத்திருந்தார்.

"தொடர் முடிஞ்சா இவன் என்ன பண்ணுவான்? சிரிப்பை நம்பிக் காலம் தள்ள முடியுமா? லிஃப்டுன்னா எல்லா ஊர்லயும் கெடும்."

"அப்பா, அவன் முழுசா எழுதினதை நீங்க ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. பாத்துட்டு அப்புறமா பேசுங்க" என்றாள் அக்கா.

"சரி. பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். நாளைக்குள் சூப்பர்வைசருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தம்பியோ அப்பா சொல்லைத் தட்டத் தெரியாதவன். போ என்றால் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

அன்று மாலை நடந்த கடைசிப் பகுதியின் படப்பிடிப்புக்குப் பார்வையாளர்களை அழைத்திருந்தார்கள். தம்பி குடும்பத்துக்கு முன் வரிசையில் இடம் பிடித்திருந்தான். உள்ளே நுழைந்ததும் அக்கா நின்றுவிட்டாள். அதே படிக்கட்டு. கைப்பிடியில் பெயிண்ட் உரிந்த இடம்கூட அதேதான். ஆனால் படி பத்தடி உயரத்தில் சட்டென்று முடிந்து, அதற்கு மேல் விளக்குகள் தொங்கின. நாலாம் மாடி தரையிலேயே, பக்கத்தில் இருந்தது. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போலவும் இருந்தது, அந்த வீட்டை இன்றைக்கே இடிக்கப் போகிறார்கள் என்பது போலவும் இருந்தது.

அப்பா நேராக லிஃப்டுக்குப் போய்க் கதவைத் தட்டிப் பார்த்தார். "பிளைவுட்டு. கேபிளே கிடையாது. அப்புறம் எங்கேருந்து வேலை செய்யும்?" என்றார். இத்தனை வருஷக் கோபத்துக்கு ஒரு நியாயம் கிடைத்த திருப்தி முகத்தில் தெரிந்தது.

படப்பிடிப்பு தொடங்கியது. முதல் காட்சியிலேயே கூடம் அதிர்ந்தது. இரண்டாம் மாடி டீச்சர் வாயைத் திறந்தாலே பின்னால் சிரிப்பு. முன் வரிசையில் மட்டும் மூன்று பேர், உப்பிய கன்னமும் சிவந்த கண்ணுமாக, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காட்சி முடிந்து, எல்லோரும் சிரித்து ஓய்ந்து, ஆட்கள் நாற்காலிகளை மாற்றத் தொடங்கியபோது மூன்று பேரும் வெடித்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூடமே திரும்பிப் பார்த்தது.

காதில் ஹெட்போன் மாட்டிய பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "சார், யாருக்காவது உடம்பு சரியில்லையா? டைரக்டர் கேக்கச் சொன்னார். காட்சி ஓடும்போது நீங்க மூணு பேரும் சிரிக்கவே மாட்டேங்கறீங்க. கேமராவுல முகம் விழுது. கொஞ்சம் பின் வரிசைக்குப் போறீங்களா?"

"சிரிச்சா அடுத்த வசனம் போயிடும்மா" என்றார் அப்பா, குழந்தைக்குச் சொல்வது போல.

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். அதற்குள் ஹெட்போனில் யாரோ பேச, கேட்டுவிட்டு, "சரி, அங்கேயே இருக்கலாமாம். ரைட்டர் சொல்லிட்டார்" என்று போய்விட்டாள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரைட்டராம்! அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

அப்பா சிரித்ததில் அவள் ஏமாந்துவிடவில்லை. விளம்பரச் சிரிப்பை அவர் எல்லாருக்கும்தான் கொடுப்பார். தம்பி எழுதியதற்கென்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து இன்னும் வரவில்லை.

அடுத்த காட்சியில் அது நடந்தது. மெக்கானிக் வந்தார்! இத்தனை வருஷமாக 'நாளைக்கு' வரவிருந்தவர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறி வந்து நின்றதும் கூடம் கைதட்டியது. அப்பா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். மெக்கானிக் லிஃப்டைச் சுற்றிப் பார்த்தார். நாலாம் மாடியில் லிஃப்ட் கதவு ஒரு நூலிழை திறந்திருந்தது. காலால் லேசாகத் தள்ளினார். டக். விளக்கு எரிந்தது, லிஃப்ட் முனகிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் வீட்டுக்காரர்.

"அவ்வளவுதான். ஆனா உடனே கிளம்பினா தொழிலுக்கு மரியாதை இருக்காது. ஒரு மணி நேரம் ஸ்பானரால தட்டிட்டு இருக்கேன். நீங்க யாரும் பாக்காதீங்க."

அக்காவுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அது அப்பா. அச்சு அசலாக அப்பாவே. எப்போதோ சாப்பிடும்போது, வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சொல்லி, வீட்டாரிடம் மட்டும் அவர் ஒப்புக்கொண்ட தொழில் ரகசியம். பாவி, அதைத் தூக்கி ஊர் உலகத்துக்கே சொல்லிவிட்டானே! மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு அவர் தோள் ஆடியது. கன்னம் உப்பியது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே, விளம்பரத்துக்கோ நாற்காலி மாற்றத்துக்கோ காத்திருக்காமல், அப்பா வாய்விட்டுச் சிரித்தார். முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அக்காவும் அம்மாவும் மேடையை மறந்தே போனார்கள். அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. தம்பி எங்கிருந்தாவது இதைப் பார்க்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

கடைசியில் எல்லாக் குடித்தனக்காரர்களும் லிஃப்டுக்குள் நெருக்கியடித்து ஏறினார்கள். கதவு மூடியது. விளக்கு அணைந்தது. யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. வளர்த்து ஆளாக்கியவர்களை வழியனுப்பிவிட்டு நிற்பது போல அக்கா கை வலிக்கத் தட்டினாள்.

வெளியே நடையில் தம்பிக்காகக் காத்திருந்தபோது அப்பா போனை எடுத்தார்.

"சூப்பர்வைசர் சாரா? அந்த இடத்துக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க. ஆமா, என் பையன் வரமாட்டான். ஏனா? இருங்க, சொல்றேன். ஒரு மெக்கானிக் வர்றான் சார், கதவைக் காலால தள்றான்..." சொல்லச் சொல்லச் சிரிப்பு பீறிட்டது. ஸ்பானர் வரைக்கும் ஒருவழியாக வந்து சேர்ந்தார். அந்தப் பக்கம் சூப்பர்வைசரும் சிரிப்பது நடை முழுக்கக் கேட்டது. அவரும் அதே தொழில்தானே.

"அதுக்கு வீட்டுக்காரர் என்ன சொன்னார்ண்ணே?" என்றது போன்.

அப்பா திகைத்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு, "அக்கா, அடுத்து என்ன சொன்னாங்க?" என்றார்.

"நான் கேக்கலப்பா."

அம்மாவும் உதட்டைப் பிதுக்கினார். சட்டம் வந்த பிறகு அந்தக் குடும்பம் ஒரு வசனத்தைக் கோட்டைவிட்டது அதுதான் முதல் தடவை. அப்போதுதான் தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"டேய், ஸ்பானரால தட்டறேன்னு மெக்கானிக் சொன்னதும் வீட்டுக்காரர் என்னடா சொல்றார்?"

தம்பி தரையைப் பார்த்தான். "ஒண்ணும் சொல்ல மாட்டார்ப்பா. அந்த இடத்துல நான் எதுவும் எழுதல. நீங்க சிரிச்சு முடிக்கிற வரைக்கும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அப்பா போனைக் காதுக்குக் கொண்டுபோனார். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. போனை அக்காவிடம் நீட்டினார்.

"அப்பாவால இப்பப் பேச முடியல சார்" என்றாள் அக்கா, நடையில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படியாக. "ஞாயித்துக்கிழமை டிவியில கண்டிப்பா பாருங்க. என் தம்பி எழுதினது."