ஒரே உயரத்தில் இரண்டு சரிவு

சாராளுக்கு ஒரு சின்னச் சந்தேகம் மாதக்கணக்காகத் தீரவில்லை. சுழற்றினாலும் மாறாத ஓர் அளவை, மொமென்ட் மேப் தரும் எண்களை மட்டும் வைத்து எப்போதும் சொல்லிவிட முடியுமா?

ஒரு பொருள் எங்கே இருக்கிறது, எந்த உந்தத்தோடு போகிறது என்ற இரண்டையும் சேர்த்து ஒரே புள்ளியாகக் குறிப்போம். அத்தகைய புள்ளிகளெல்லாம் சேர்ந்தால் ஒரு சிம்ப்ளெக்டிக் வெளி கிடைக்கும். அதில் ஒரு புள்ளியைச் சுழற்றினால் அது ஒரு தடம் போடும். தடம் முழுக்க மாறாமல் இருக்கும் சில எண்களைச் சுழற்சியே நமக்குத் தருகிறது. அப்படித் தரும் விதிக்குப் பெயர் மொமென்ட் மேப். சாராளின் வெளிக்குப் பரிமாணம் நான்கு, சுழற்சிகள் இரண்டு, ஆகவே எண்களும் இரண்டு.

எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதன் அக்கம்பக்கத்தில் பதில் 'முடியும்' என்று நிரூபித்துவிட்டாள். வெளி முழுவதற்கும் நீட்டும்போதுதான் எங்கோ இடித்தது. இன்னும் பத்து நாளில் சென்னையில் ஆய்வுக் குழு முன்னால் இதைக் காட்டாவிட்டால் அவளுடைய முனைவர் பட்டப் பதிவு ரத்தாகிவிடும். அவள் வேலை பார்த்த போடியில் இதைப் பேச ஒருவர்கூட இல்லை. கல்லூரியில் மற்ற ஆசிரியர்கள் பாடவேளை பற்றியும் பஸ் பற்றியும் பேசினார்கள். அவளும் பேசினாள். வகுப்பு முடிந்த பிறகு வெறும் அறையில் கரும்பலகையைப் பார்த்து மெல்ல வாதாடுவாள்; யாராவது வந்தால் அழித்துவிடுவாள்.

அது 1984, ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் அண்ணன் ஜேசுதாஸ் தன் புதுத் தோட்டத்தைக் காட்ட ஜீப்பில் கூட்டிப்போனான். அண்ணி ராஜாத்தியும் வந்தாள். குரங்கணிக்கு மேலே சரிவில் ஏலச்செடிகள் இலையோரம் கருகி நின்றன.

"ஒசரம் பாத்துத்தான் தாயி வாங்குனேன்," என்றான் ஜேசுதாஸ். "மாமனார் தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம் என்ன ஒசரமோ, இதும் அதே ஒசரம். மீட்டர் வச்சுப் பாத்தேன்."

"ஆமா, மீட்டர் வந்து தண்ணி ஊத்தும்," என்றாள் ராஜாத்தி. "எங்கப்பா தோட்டத்துல இந்நேரம் சாரல் நிக்காது. இங்க வெறுங்காத்து."

"ஒங்கப்பா பெருமைய எறக்கி வையி. ஒசரம் ஒண்ணுன்னா மழையும் ஒண்ணுதானே?"

"ஒரே சரிவுல ஏறி எறங்குனா சரி. நீங்க மலையத் தாண்டிட்டீகளே!"

சாராள் திரும்பினாள். "மதினி, இன்னொருக்கா சொல்லுங்க."

"எதை? எங்கப்பா பெருமையவா?" ராஜாத்தி சிரித்தாள்.

"ஏன் தாயி, என்ன?" என்றான் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே. என் கணக்குச் சோலி."

அவன் தலையாட்டிவிட்டு மறுபடி மனைவியோடு மல்லுக்கு நின்றான். சாராள் ஜீப்பில் போய்த் தனியே உட்கார்ந்தாள். சொல்ல வேண்டும் போல் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை.

உயரம் ஒன்றானாலும் சரிவு வேறானால் மழை வேறு; அப்படியே எண்கள் ஒன்றானாலும் தடம் வேறாகலாம். இத்தனை நாளும் அவள் நிரூபிக்கப் பார்த்தது பொய். ஒரு நீளமான காகிதப் பட்டையை வட்டமாக வளையும்படி வெட்டி, நுனி அடியின் மேல் ஏறிப் படியும்படி மேசையில் தட்டையாக வைத்துக்கொள்ளலாம். பட்டையின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தடத்தைக் குறிக்கும். நேர் கீழே மேசையில் அது விழும் இடம்தான் மொமென்ட் மேப் தரும் இரண்டு எண்கள். நுனி படிந்த இடத்தில் எண்கள் ஒன்றே, தடங்கள் இரண்டு. அடியில் பூஜ்யம், நுனியில் ஒன்று என்று பட்டை நெடுகச் சீராக ஏறும் அளவு சுழற்சிக்கு மாறாது. ஆனால் அந்த எண்களை வைத்து அதைச் சொல்ல முடியாது.

குழுவிடம் சொல்ல வேண்டியது இப்போது தெளிவாக இருந்தது. ஒரே எண்களைத் தரும் புள்ளிகளெல்லாம் சேர்ந்து ஒரே தடமாக இருந்தால், மாறாத அளவு ஒவ்வொன்றும் அந்த எண்களின் சார்பு. பல தடங்களாகப் பிரிந்தால், எண்களோடு எந்தத் தடம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.