தோளில் பஞ்சு வைத்த கோட்டு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்தியே அவருக்கு கிளட்ச் மாஸ்டர் என்று பெயர் வந்துவிட்டது. கனத்த உடம்பு. அவர் ஏறி உட்கார்ந்தால் வண்டி ஒரு பக்கம் சாயும் என்று படிக்க வந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். அந்த உடம்புதான் ஐந்து மாதத்தில் பதினெட்டு கிலோ இறங்கியது. வயிற்றில் வந்த நோய். அறுத்து எடுக்க முடியாத இடம், இந்த வருடத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

மகளுக்குச் சொல்லவில்லை. அவள் வேறு ஊரில் இருந்தாள். ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. குழந்தை கையில் வருகிறவரை அவள் காதில் இது விழக்கூடாது என்று புருஷனும் மனைவியும் முடிவு செய்திருந்தார்கள். அவள் வீடியோவில் கூப்பிட்டால் மாஸ்டர் போனை மின்விசிறியின் பக்கம் திருப்பிவிட்டு, "நெட்டு இழுக்குதும்மா" என்பார்.

ஒரு நாள் அவளே சொன்னாள். "இந்த மாசம் விட்டா டாக்டர் வெளியூர் போக விடமாட்டாங்கப்பா. வர்ற வெள்ளிக்கிழமை கிளம்பி வரேன். மூணு நாள் இருப்பேன்."

போனை வைத்ததும் மாஸ்டர் அலமாரியைத் திறந்தார். எந்தப் பேன்ட்டைப் போட்டாலும் கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

அவர் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கர். தைத்து வரும் உடுப்பைப் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது வேலை. "கடைத்தெருவுல சீசன் முடிஞ்சு தள்ளுபடி போட்டிருக்கான். வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

கடையில் நெரிசல். 'வாங்கிய துணி திரும்பப் பெறப்படாது' என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். அவள் அதை ஒரு முறை நின்று படித்துவிட்டு உள்ளே போனாள். சட்டைகளை உள்பக்கம் திருப்பி, தையலை இரு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். காலரை விரல்களுக்கு நடுவே வைத்துக் கசக்கினாள்.

"கோடு போட்டது வேண்டாம், ஒட்டடைக்குச்சி மாதிரி காட்டும். கட்டம் எடுங்க. வெளிர் நிறமா, கொஞ்சம் தடிச்ச துணியா."

"கட்டம் போட்டா பயில்வான் ஆயிடுவேனா?"

"கழுத்துதான் காட்டிக்கொடுக்கும். பதினாலரை சைஸ் போதும். காலர் கழுத்தை ஒட்டி நிக்கணும்."

டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்து மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார். "சாருக்கு ஸ்லிம் ஃபிட் அருமையா நிக்கும். இந்த உடம்புக்காக எத்தனை பேர் ஜிம்முல கெடந்து சாகறாங்க!"

மாஸ்டர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, ஒரு கம்பியைப் பிடித்துக்கொள்ளும்படி ஆயிற்று.

தோளில் பஞ்சு வைத்த கோட்டுகள் கடைசி வரிசையில் இருந்தன. பாதி விலைக்குப் போட்டிருந்த ஒன்றை அவர் எடுத்தார். அவள் அக்குள் பக்கம் பிரித்துப் பார்த்துத் திருப்பி மாட்டினாள்.

"இது தள்ளுபடிக்குன்னே அடிச்சுத் தள்ளின சரக்கு. உபரிப் பட்டன்கூட வைக்கல. ரெண்டு தடவ போட்டா இங்க விட்டுடும்."

"ரெண்டு தடவ போதுமே" என்றார் அவர். சாதாரணமாகத்தான் சொன்னார்.

அவள் தொங்கிக்கொண்டிருந்த கோட்டுகளுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு, எதையோ தேடுகிறவள் போல வெகுநேரம் நின்றாள். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. கையில் வேறொரு கோட்டு. தள்ளுபடி அதில் கம்மி, தையல் கெட்டி.

போட்டுப் பார்க்கும் அறையில் அவரால் ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை. அவரை முக்காலியில் உட்கார்த்தி, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மாட்டுவதுபோல அவளே மாட்டிவிட்டாள். முன்பக்கம் மடிப்பு வைத்த பேன்ட் தொடையின் மெலிவை மூடியது. கோட்டு தோளைத் திருப்பிக் கொடுத்தது. மாஸ்டர் கண்ணாடியில் தன்னை வெகுநேரம் பார்த்தார்.

"மனுஷன் மாதிரி இருக்கேன்ல?"

"இருக்கீங்க."

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வாசலிலேயே மகள் அவரைக் கட்டிக்கொண்டாள். வயிறு நடுவில் நின்றதால் இறுக்கிக் கட்ட முடியவில்லை, தோளோடு தோள் உரசியதோடு சரி.

"என்னப்பா வீட்டுக்குள்ள கோட்டு? மாப்பிள்ளை முறுக்கா?"

"குளிருதும்மா."

"இளைச்சிருக்கீங்க."

"சுகர் இருக்குன்னு நடக்கச் சொன்னாங்க. நடக்கறேன்."

"நல்லதுதான். அந்தத் தொப்பை போனதே பெரிய விஷயம்."

மூன்று நாளும் அவர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். தட்டில் வைத்ததைப் பிசைந்து பிசைந்து ஓரம் தள்ளினார். உள்ளே போனது நிற்காதபோது குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்து விட்டுக்கொண்டார். மகள் பிள்ளைக்கு வைக்கப்போகும் பெயர்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் கருத்து சொன்னார்.

ரயில் ஏறும்போது மகள் கணவனிடம், "பாருங்க, எங்கப்பா உங்களைவிட இளமையா இருக்காரு" என்றாள். மாஸ்டர் ரயில் மறைகிறவரை கையாட்டினார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"போகலாமா?" என்று கேட்டாள் மனைவி.

"அவ கண்டுபிடிச்சுடுவான்னு நெனச்சேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"சின்ன வயசுல நான் செருப்பக் கழட்டுற சத்தத்த வச்சே, அப்பா இன்னிக்குக் கோவமா இருக்காருன்னு சொல்லுவா. மூணு நாளும் ராத்திரி படுக்கும்போது, நாளைக்குக் கண்டுபிடிச்சுடுவா, நாளைக்குக் கேட்டுடுவான்னு..."

"நாமதானங்க மறைக்கணும்னு சொன்னோம்?"

"ஆமா. நல்லாத்தான் மறைச்சோம்."

போகிற வருகிறவர்கள் பார்க்க மாஸ்டர் குலுங்கிக் குலுங்கி அழுதார். தான் தேர்ந்தெடுத்த துணியில் எந்தக் குறையும் இல்லாமல் போயிற்றே என்று அவள் அவர் கோட்டின் தையலை இழுத்துப் பார்த்தாள். ஓடிப்போய் அடுத்த ரயிலைப் பிடிக்கலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஓடவில்லை.

ஏழு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவர் இறந்தார். மகள் அப்போது நிறைமாதம். வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைதான் அவளிடம் சொன்னார். பத்தொன்பது நாளில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, ஒரு குறையும் இல்லை.

அம்மா போய்ப் பார்த்தாள். மகள் குழந்தையை அம்மா மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் வந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"மூணு நாளும் தெரியுமா?"

"உன் நல்லதுக்குத்தாம்மா..."

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா ஊருக்குக் கிளம்புகிறவரை திரும்பவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா போன் செய்கிறாள். மாப்பிள்ளைதான் எடுக்கிறார். தங்கமான பிள்ளை, பொய் சொல்லத் தெரியாமல் திணறுகிறார்.

"தூங்கறா அத்தை."

"சரி மாப்பிள்ளை. எழுப்ப வேண்டாம்."