இரண்டு சத்தியம்

விவாதத்தில் ஜெயித்தது நான்தான். அதைச் சொல்லவே இப்போது வாய் கசக்கிறது.

எங்கள் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருடத்துக்கு அறநெறி வகுப்பு உண்டு. குணமாகாத நோயை நோயாளியிடம் சொல்லலாமா, அவரவர் மதம் அதற்கு என்ன சொல்கிறது என்பது அன்றைய தலைப்பு. சொல்லக் கூடாது என்று ஸ்மிருதி பேசினாள். நம்பிக்கை போனால் உயிரும் சீக்கிரம் போய்விடும் என்றாள். நான் விடுவேனா? சாகப்போகிறவர் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, தயாராகப் போக வேண்டும், அந்த உரிமையைப் பறிக்கக் குடும்பத்துக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கிழித்துத் தொங்கவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

"உங்க வூட்ல நடந்தா இப்படிப் பேசுவியாடி மேரி?" என்று ஸ்மிருதி மட்டும் கேட்டாள்.

"பேசுவேன்" என்றேன். அவ்வளவு திமிர்.

இரண்டே மாதத்தில் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஈரல் வரை பரவிவிட்டது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கிறவர் அவர். குடல்புண் என்று அவரிடம் சொல்லிவிட்டாள் அம்மா. என்னை மாதா சுரூபத்தின் முன்னால் நிறுத்தி, "அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணித் தொலைத்தேன்.

அப்பா பாவம், அதை நம்பி மூன்று வேளையும் மிளகாய் இல்லாத ரசம் சாப்பிட்டார். "புண்ணு ஆறட்டும் பாப்பா, வேப்பூர் ரோட்டுக் கடையில பரோட்டா திங்கணும்" என்பார். நான் தலையாட்டுவேன். விவாதத்தில் பேசிய நாக்கு எங்கே போனதோ.

சத்தியத்தை மீறாமல் ஒரு வழி தேடினேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பங்குச் சாமியார் நோயாளிகள் வீட்டுக்கு நற்கருணை அப்பம் கொண்டுவருவார். அப்படியே எண்ணெயும் பூசிவிடுங்கள் என்று ஃபாதர் வளனிடம் நானே போய்க் கேட்டேன். இந்த நோயில்பூசுதல் சாகிறவர்களுக்கு மட்டுமல்ல, எல்லா நோயாளிகளுக்கும் உரியது என்று வகுப்பில் முழங்கியவள் அல்லவா? அப்பாவுக்குச் சந்தேகமும் வராது, ஆத்துமத்துக்கும் குறை இருக்காது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்றை மறந்துவிட்டேன், மடச்சி. பதினெட்டு வருடம் சாமியாருக்கு முன்னால் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர் அப்பாதான். எந்த வீட்டில் நற்கருணை மட்டும், சாகக் கிடக்கிற எந்த வீட்டில் எண்ணெயும் சேர்த்து என்று அவருக்குத் தெரியாதா?

அந்த வெள்ளிக்கிழமை ஃபாதர் பையிலிருந்து எண்ணெய் இருந்த சின்ன வெள்ளி டப்பியை எடுத்தார். முட்டி போட்டிருந்த அம்மாவின் முகம் வெளுத்தது. அப்பா டப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே, எண்ணெய் பூச இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினார்.

"ஏன் அமலா பயப்படுற? நோவுன்னா பூசுறதுதான். குடல்புண்ணு சீக்கிரம் ஆறிடும்" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா ஃபாதரை வழியனுப்ப வாசலுக்குப் போனாள். அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"எத்தன மாசம் பாப்பா?"

வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"சரி, வுடு. ஒங்கம்மா சத்தியம் வாங்கியிருப்பா. எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு அவளுக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டா." கையை நீட்டினார். "அடிச்சி சத்தியம் பண்ணு."

எண்ணெய் காயாத அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். வேறு என்ன செய்ய?

அம்மா திரும்பி வந்து என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அப்பாவுக்குச் சந்தேகம் ஏதும் வந்துதா?"

"இல்லம்மா."

மதியம் மிளகாய் இல்லாத ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார் அப்பா. "இப்ப வயிறு தேவலாம் அமலா" என்றார். அம்மா இன்னொரு கரண்டி ஊற்றினாள். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.