கிராம்பு மணத்துக்கு அடியில்

எண்ணெய் விடாத இரும்புச் சட்டியில் கிராம்பை இளஞ்சூட்டில் வறுப்பது நீலாயதாட்சிக்கு வெள்ளிக்கிழமை வேலைகளுள் ஒன்று. மொட்டு கருகாமல் மணம் மட்டும் கிளம்பும் பதத்தில் இறக்குவாள். அதோடு பனங்கற்கண்டை உடைத்துக் கலந்து, உள்ளங்கையளவு எவர்சில்வர் டப்பாவில் நிரப்புவாள். அவள் கணவர் சோமசேகரனின் சட்டைப் பையை விட்டு அந்த டப்பா அகலாது. கோட்டுச்சேரிக்கு அருகில் இருந்த ஒரு சிற்றூரின் சிவன் கோயிலில் பதிகம் பாடும் அறுவர் குழுவுக்கு அவரே தலைவர். முதலடியை எடுத்துக் கொடுக்கும் குரல் அவருடையது. அந்தக் குரலுக்கு ஊறு வராமல் காப்பதைத் தன் பங்குத் தொண்டாகவே நீலாயதாட்சி கருதியிருந்தாள்.

பள்ளி எழுத்தர் வேலையும் பத்து மா நிலமும் உள்ளவர் சோமசேகரன். எல்லை தாண்டி வந்து மதுக்கடைகளில் குடித்துவிட்டுப் போகிறவர்களால் மாலைதோறும் நிறையும் சாலையில்தான் அவர் வீடு. ஆயினும் அந்தக் கடைகளின் பக்கம் அவர் முகம் திரும்பியதை யாரும் கண்டதில்லை. “எங்க வீட்டுல அந்தச் சங்கதியே கெடையாது” என்று சொல்லும்போது நீலாயதாட்சியின் கழுத்து ஓர் அங்குலம் உயரும்.

ஆடி மாதத்து வெள்ளி ஒன்றில், அவள் கிராம்பு வறுத்துக்கொண்டிருந்த வேளையில், ஆஷா சுகாதாரப் பணியாளர் இளவேனில் கையில் படிவக் கட்டுடன் வந்தாள். அதே தெருப் பெண். முப்பது வயதைக் கடந்தவர்களின் பழக்கவழக்கங்களைக் கேட்டு எழுதுவதும், புற்றுநோய், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றுக்கு யாரை முதலில் பரிசோதனைக்கு அனுப்புவது என்று கணக்கிடுவதும் அவள் பணி. கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த சோமசேகரனிடம் வயது கேட்டாள், நாடாவால் இடுப்பை அளந்தாள், நடைப்பயிற்சி உண்டா என்றாள்.

“பக்கத்துக் கடைக்கே ஸ்கூட்டர்ல போற மனுசன்கிட்ட நடைய பத்திக் கேக்குறியே” என்று அடுக்களையிலிருந்தே நீலாயதாட்சி சிரித்தாள்.

“அடுத்தது மாமா, புகையிலை ஏதாவது? பீடி, சிகரெட்டு, மெல்லுறது, கன்னத்துல அடக்கிக்கிறது?”

சோமசேகரன் தாளை மடித்தார். மடித்ததை மறுபடியும் மடித்தார். அவர் வாய் திறக்குமுன் கரண்டியோடு நீலாயதாட்சி அடுக்களை வாசற்படிக்கே வந்துவிட்டாள்.

“ஏண்டி இளவேனிலு, யாரப் பாத்து என்ன கேக்குற? எந்திரிச்சதும் சாமி பேரு வர்ற வாயிடி அது. பூஜ்யம்னு எழுது.”

“எல்லாரையும் கேக்குறதுதான் அத்தை. கோயில் குருக்களையே கேட்டுட்டுத்தான் வாரேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“பொடி போடுவாராம்.”

“பாத்தியா! இங்க அதெல்லாம் இல்ல.”

இளவேனில் பேனாவை நிறுத்திச் சோமசேகரனையே பார்த்தாள். “மாமா, நீங்க சொல்லுங்க.”

“அவ சொன்னா சரிதாம்மா” என்று புன்னகைத்துக் கையெழுத்திட்டார் அவர்.

பதில்களுக்குரிய மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தபோது, முதலில் அனுப்புவோர் பட்டியலுக்கு வேண்டிய எண் வரவில்லை. “எண் கொறைவா இருந்தாலும் முப்பது வயசத் தாண்டுனவங்க ஒரு தடவ வந்து வாயக் காட்டணும்” என்று இளவேனில் சொல்லிவிட்டுப் போனாள். பாடுகிற வாயைப் பரிசோதனை முகாமில் வரிசையில் நின்று திறந்து காட்டுவதாவது என்று நீலாயதாட்சி அதை அப்போதே மறந்தாள்.

மறு ஆண்டு ஐப்பசியில் சோமசேகரன் புளிக்குழம்பைத் தள்ளி வைத்தார். பிறகு ரசத்தையும் தள்ளி வைத்தார். பல் குத்துகிறது என்றார். அவள் மணத்தக்காளிக் கீரை சமைத்தாள், தேங்காய்ப் பால் காய்ச்சினாள், சோமவார விரதம் ஒன்று கூடுதலாக ஏற்றாள். ஐந்து வாரம் சென்றது. பிரதோஷத்தன்று அவர் முதலடியை எடுக்கையில் சொற்கள் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடறின.

பால் சொசைட்டியில் இளவேனில் அவளைப் பிடித்துக்கொண்டாள். “மாமா ஏன் வாயக் கோணிக்கிட்டுப் பேசுறாரு? புண்ணு மூணு வாரத்துக்கு மேல ஆறாம இருந்தா சும்மா விடக் கூடாது அத்தை.”

நீலாயதாட்சிக்கு அச்சம் சினமாக மாறிற்று. “நீதானே வந்து ஒண்ணுமில்லேன்னு எழுதிட்டுப் போன? ஃபாரம் எதுக்குடி எழுதுறீங்க, பொழுதுபோக்கா?”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இளவேனிலின் முகம் சிவந்தது. குரல் உயரவில்லை. “நான் எழுதல அத்தை. நீங்க சொன்னீங்க, மாமா கையெழுத்துப் போட்டாரு. நான் வெறும் பேனா. நாளைக்குக் காலைல காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு நானே கூட வாரேன், கெளம்புங்க.”

மறுநாள் அவர்களைப் பார்த்த மருத்துவர் ஷஃபீனா இளையவர், சொற்சிக்கனம் உடையவர். விளக்கைத் திருப்பி, கன்னத்தை விலக்கி, நெடுநேரம் நோக்கினார். கையுறையைக் கழற்றியபடியே கேட்டார். “புகையிலை எத்தன வருஷமா வைக்கிறீங்க?”

“அவருக்கு அந்தப் பழக்கம் கெடையாதுங்க டாக்டர்” என்றாள் நீலாயதாட்சி.

“நான் அவங்களத்தான் கேட்டேம்மா.”

சோமசேகரன் மனைவியைப் பார்க்காமல், அவளை வெளியே இருக்கச் சொல்லும்படி மருத்துவருக்குக் கையால் குறிப்புக் காட்டினார். அந்தக் கையசைவை அவளும் கண்டாள். நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

“நான் போக மாட்டேன்” என்றாள்.

“பதினோரு வருஷம்” என்றார் அவர்.

“இப்பவும் வச்சிருக்கீங்களா?”

சட்டைப் பையிலிருந்து அந்த எவர்சில்வர் டப்பா வெளியே வந்தது. மருத்துவர் மூடியைத் திறந்தார். மேலே கிராம்பும் கற்கண்டும். அதன்கீழ் நாட்காட்டித் தாளை வட்டமாகக் கத்தரித்து இட்ட ஒரு தடுப்பு. தடுப்பின்கீழ் சீவலோடு கலந்த புகையிலை. பதினோராண்டாக வெள்ளிதோறும் அவள் கருகாமல் வறுத்துக் கொடுத்த மணம், அந்த நாற்றம் வெளியே கசியாமல் காவல் நின்றிருக்கிறது. தன் கையாலேயே தன் கண் கட்டப்பட்டிருக்கிறது என்று உணர்ந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை.

“கன்னத்துல வெள்ளைத் திட்டு வந்தப்பவே வந்திருந்தீங்கன்னா சின்ன வேலையா முடிஞ்சிருக்கலாம்” என்றார் ஷஃபீனா. “சதை எடுத்துப் பாத்துட்டு உறுதியாச் சொல்றேன். இதையும் கேட்டுக்குங்க. புகையிலை வாயோட நிக்காது. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் இதே கதவு வழியாத்தான் வருது. குடி, ஒரே எடத்துல ஒக்காந்தே இருக்குறது, உப்பும் எண்ணெயும் தூக்கலாத் திங்கிறது, இதெல்லாம் அதே கதவ இன்னும் அகலமாத் தொறந்து விடும். ஒங்களுக்கு ரத்தக் கொதிப்பு நூத்தி எழுபது இருக்கு சார். அதுவும் ஒங்களுக்குத் தெரியாது.”

திரும்பும் பேருந்தில் அவள் முன்னிருக்கையில் அமர்ந்தாள். அவர் ஏறினாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தேழு ஆண்டு இல்வாழ்வில் அப்படி இருந்தது அதுவே முதன்முறை.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் கேட்டாள். “யாருக்கெல்லாம் தெரியும்?”

அவர் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி நின்றார்.

“ஒங்களோட பாடுற முருகானந்தத்துக்கு?”

“அவன்தான் மொதல்ல குடுத்தான். அந்த மார்கழில பனி எறங்கித் தொண்ட கட்டிக்கிச்சு. ஒரு சிட்டிகை அடக்கிக்கிட்டா கபம் எளகும், எடுப்பு கணீர்னு வரும்னான். வந்துச்சு நீலா.”

“அப்புறம்?”

“அப்புறம் அது இல்லாம வரல.”

“ஆறு பேருமா?”

“என்னச் சேத்து நாலு பேரு.”

“நாலு பேருக்குத் தெரியும். மூணு வேளையும் சோறு போடுறவளுக்குத் தெரியாது. ஏன் சொல்லல?”

“சொன்னா நீ அழுவ.”

“இப்ப என்ன, கோலாட்டம் ஆடிக்கிட்டா இருக்கேன்?”

அவர் தலை குனிந்தார். நீலாயதாட்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடி வெள்ளியன்று அவர் தாளை இருமுறை மடித்த காட்சி அவள் நெஞ்சில் எழுந்தது. அந்த ஒரு நொடியில் அவர் உண்மையைச் சொல்ல எண்ணியிருக்கக் கூடும். கரண்டியோடு போய் அந்த நொடியை மூடியவள் அவளே.

“அன்னைக்கு அந்தப் பொண்ணு கேட்டப்ப நான் குறுக்க வந்துட்டேன். அது என் தப்பு. அதுக்காக ஒங்கள விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. கோவத்துல முக்காவாசி ஒங்களுக்குத்தான்.”

“நீலா, ஒண்ணு மட்டும்” என்றார் அவர். “ஊர்ல பல்லு ஆப்பரேசன்னு சொல்லிடு. இத்தனை வருசம் சாமி முன்னால நின்னு பாடுனவன். மானம் போயிரும்.”

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

எட்டாம் நாள் முடிவு வந்தது. கன்னத்தில் புற்றுநோய்தான், நல்லவேளையாகக் கழுத்துக்குப் பரவவில்லை. கன்னத்தின் ஒரு பகுதியை அறுத்து எடுக்க வேண்டும், பிறகு கதிர்ச் சிகிச்சை தேவைப்படலாம், பேச்சு திரும்பிவிடும், பாட்டைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். வெளியூர் மருத்துவமனையில் நாளும் குறித்துக் கொடுத்தார்கள்.

புறப்படுவதற்கு முன் ஒரு பிரதோஷம் வந்தது. பாட இயலாவிட்டாலும் சோமசேகரன் குழுவோடு மண்டபத்தில் வந்து அமர்ந்தார். பெண்கள் தூணோரம் இருந்தார்கள். நந்திக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. முதலடி எடுக்கும் பொறுப்பு அன்று முருகானந்தத்துக்கு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டே, இயல்பாக, இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து சிறு பொட்டலத்தை எடுத்துக் கன்னத்தில் அடக்கினார். அடக்கியபின் நீலாயதாட்சியைப் பார்த்து, “அண்ணனுக்குப் பல்லு வலி எப்படி இருக்கு அண்ணி? பல்லப் புடுங்குனதும் அடுத்த மாசம் அண்ணன்தான் எடுக்கணும்” என்றார்.

சோமசேகரனின் கண்கள் மனைவியிடம் இறைஞ்சின. பொய் ஒன்றைச் சொன்னால் போதும், அவர் மானம் பிழைக்கும். சொன்னால், இந்தப் பொட்டலம் அடுத்த பிரதோஷத்திலும் கைமாறும்.

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்று கணவரைக் கேட்டாள். அவர் மடியிலிருந்த துண்டை மடித்தார், மறுபடியும் மடித்தார். அவள் எழுந்து நின்றாள்.

“பல்லு இல்ல தம்பி. புத்துநோய். கன்னத்த அறுக்கப் போறாங்க. நீங்க இப்ப வச்சீங்களே, அதேதான் காரணம்.”

மேளக்காரர் கைகூட நின்றுவிட்டது. முருகானந்தம் பதறினார். “அண்ணி, கோயில்ல வச்சு இதெல்லாம்...”

“கோயில்லதான ஆரம்பிச்சுது?” அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “நான் நேர்ந்துக்கிட்டேன், விரதம் இருந்தேன், கிராம்பு வறுத்தேன். திருநீறு பூசுன ஆளுக்கு ஒண்ணும் வராதுன்னு நம்புனேன். கேட்டா மரியாதக் கொறச்சல்னு நான் கேக்கல. சொன்னா மானம் போயிரும்னு இவரு சொல்லல. நாங்க ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு இருந்த பதினோரு வருசமும் அது உள்ள வளந்துக்கிட்டு இருந்துச்சு. எங்கிட்ட மறைக்கணும்னாரு, மறைச்சுட்டாரு. ஒடம்புகிட்ட மறைக்க முடியல. இந்தப் பழக்கம் பாவமா புண்ணியமான்னு நான் பேச வரல. இது ஆளக் கொல்லும், அதத்தான் சொல்ல வந்தேன். இருக்குறவங்க இன்னைக்கே விடுங்க, வாயக் காட்டுங்க. வீட்டுல இருக்குற நாம கூச்சப்படாம கேப்போம். கேக்குறதுதான் மரியாத.”

சோமசேகரன் மெல்ல எழுந்தார். சொற்களை ஒவ்வொன்றாக வலியோடு நகர்த்தினார். “அவ சொல்றது... உள்ளது. நான் ஃபாரத்துல பொய்க் கையெழுத்துப் போட்டேன். என்னையே ஏமாத்திக்கிட்டேன்.”

நீலாயதாட்சி அவரைப் பார்த்தாள். மன்னிக்க இன்னும் மனம் வரவில்லை. ஆயினும் அவர் உட்காரத் தடுமாறியபோது கையை நீட்டினாள்.

தூணோரத்திலிருந்து முருகானந்தத்தின் மனைவி ராசாத்தி எழுந்து வந்தாள். அவள் ஊரில் அதிர்ந்து பேசாதவள் என்று பெயரெடுத்தவள்.

“ஏங்க, வாயத் தொறங்க.”

“வெளையாடுறியா? நந்திக்கு அபிஷேகம் நடக்குது!”

“நந்தி எங்கயும் போயிராது. தொறங்க.”

முருகானந்தம் உதவி வேண்டி நாற்புறமும் பார்த்தார். பழக்கமுள்ள மற்ற இருவரும் துண்டின் நுனியால் வாயை மறைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் அடக்கியதை வெளியே போய்த் துப்பி, வாய் கொப்பளித்து வந்து நின்று திறந்தார். ராசாத்தி கைப்பேசி விளக்கை உயர்த்தி ஒரு கன்னத்தைப் பார்த்தாள், மறு கன்னத்தைப் பார்த்தாள். விளக்கை அணைத்தாள்.

“வெள்ளையா இருக்கு” என்றாள். “நாளைக்கு மொத பஸ்ஸு. நானும் வருவேன். அந்த டாக்டரம்மா கேக்குற கேள்விக்கெல்லாம் நீங்கதான் பதில் சொல்லணும். நான் வாயே தொறக்க மாட்டேன்.”