இழை எரித்த வாசனை

எங்கள் சலவைக் கடைக்குள் நுழையும் துணியை வைத்தே, அதைக் கட்டியவளுக்கு எந்தக் காலத்தில் கல்யாணம் ஆனது என்று சொல்லிவிடுவேன். இதில் ஜோசியம் ஒன்றும் இல்லை. நாற்பது வருஷமாக இந்த ஊர்க்காரர்களின் பட்டு என் கையில்தான் அழுக்குப் போகிறது.

நான் மருமகளாக வந்த புதிதில், கொஞ்சம் வசதியான வீடென்றால் இரண்டு பட்டாவது இருக்கும், எல்லாம் அசல். பிறகு வெளிநாட்டுப் பட்டு நூல் வரக்கூடாது என்று அரசாங்கம் கதவைச் சாத்தியது. கல்யாணங்கள் நிற்குமா? மரக்கூழில் செய்த நூல் வந்தது. அதே மினுமினுப்பு, அதே வழவழப்பு, ரசீதிலும் பட்டு என்றே எழுதிக் கொடுத்தார்கள். நனைந்தால் மட்டும் தொய்ந்து கிழியப் பார்க்கும், அது என் கைக்குத் தெரியும். அதற்கு நாலைந்து வருஷம் கழித்துப் பாலியெஸ்டர். அதுவும் பட்டுதான், கேட்டால் அடிக்க வருவார்கள். இப்போது கதவைத் திறந்துவிட்டார்கள், அசல் பட்டு மலிந்து போய்த் தலையணைக்கு உறை போடுகிறார்கள். பட்டே கிடைக்காத காலத்தில் கல்யாணம் செய்தவர்களுக்குத்தான் பட்டின் மேல் பெருமை அதிகம்.

நர்சம்மா அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. கதவு சாத்தியிருந்த வருஷங்களில் கல்யாணம் ஆனவள். வருஷம் ஒருமுறை தன் கல்யாணப் பட்டைக் கொண்டுவருவாள். வெண்ணெய் நிறம். "அவர் கடை கடையா அலைஞ்சு வாங்கினது அக்கா" என்பாள். அந்த மனுஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அது மரக்கூழ் என்று நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பட்டும் படாமலும் பேசி அனுப்பிவிடுவேன்.

அன்று அவள் சம்பந்தியம்மாவோடு வந்தாள். நர்சம்மாவின் மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. தாயின் பட்டைத்தான் கட்டிக்கொள்வேன் என்று பெண் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மாவான சம்பந்தியம்மாவும் தன் கல்யாணப் பட்டைச் சலவைக்குக் கொண்டுவந்திருந்தார். இரண்டும் என் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

சம்பந்தியம்மா நர்சம்மாவின் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"அசல்னுதானே சொன்னீங்க?"

அசல்தான் என்றாள் நர்சம்மா. அவர் விடவில்லை. துணி நல்லதா மட்டமா என்பது தனக்குப் பெரிதில்லை, பொய்தான் ஆகாது என்றார். இதிலேயே பொய் என்றால் பெண்ணின் படிப்பு, வயசு, குடும்பம் எல்லாவற்றையும் மறுபடி விசாரிக்க வேண்டிவரும் என்றார். குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உள்தையல்லேருந்து ஒரு இழை உருவி எரிங்க. அசல்னா முடி கருகின வாசம் வரும், சாம்பல் பொடியும். இல்லேன்னா பேச்சை இத்தோட நிறுத்திக்கலாம்."

நர்சம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் கொஞ்சம்கூட இல்லை. புருஷன் வாங்கிக் கொடுத்தது அசல்தான் என்று அப்படி ஒரு நம்பிக்கை. மரக்கூழ் எரிந்தால் காகிதம் எரிந்த வாசனை வரும். பெண்ணின் கல்யாணம் மட்டுமா போகும்? செத்துப்போனவன் பொய்யனாகிவிடுவான், அதுவும் இவள் கண்ணெதிரே.

சாம்பலைப் பற்றிக் கவலையில்லை, மரக்கூழும் பொடியாகத்தான் உதிரும். வாசனைதான் காட்டிக் கொடுக்கும்.

இழையை உருவினேன். தீப்பெட்டி உள்ளே இருக்கிறது என்று இஸ்திரி மேஜைப் பக்கம் போனேன். முதுகு அவர்களுக்கு, கை என் கொண்டைக்கு. வெடுக்கென்று இழுத்ததில் நாலைந்து நரைமுடி வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. வெண்ணெய் நிற இழையோடு சேர்த்து முறுக்கினேன். மகன் சாயம் பூசச் சொல்லி நச்சரித்தும் கேட்காமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

அவர்கள் முன்னால் வந்து நின்று குச்சியைக் கிழித்தேன். இழை சுருண்டு கருகியது. சம்பந்தியம்மா குனிந்து முகர்ந்தார். விரலால் சாம்பலைத் தொட்டார், பொடிந்தது.

"முடி வாசம்தான்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. துணியை மடிக்கப் போனேன். அதோடு விட்டிருந்தால் அவருக்கும் நல்லதாக இருந்திருக்கும். வெற்றியை எதிராளிக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. தன் பட்டை என் பக்கம் தள்ளினார்.

"இதுலயும் ஒரு இழை எரிங்க. இந்தக் காலத்துல இது மாதிரி கிடைக்காது. சம்பந்தியும் தெரிஞ்சுக்கட்டும்."

துணியைத் தூக்கியதுமே பொரபொரவென்று சத்தம் கேட்டது, என் முன்கை முடியெல்லாம் எழுந்து துணியில் ஒட்டியது. பாலியெஸ்டர். நர்சம்மாவுக்கு நாலைந்து வருஷம் கழித்துக் கல்யாணம் ஆனவர், தப்புமா? இது எரியாது, உருகும். உருகிக் கறுப்பு மணியாக இறுகிக்கொள்ளும். என் தலையையே மொட்டையடித்து முறுக்கினாலும் காப்பாற்ற முடியாது.

காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். தன் வினை தன்னைச் சுடட்டும் என்று எனக்குள் ஒரு பொல்லாதவள் துள்ளினாள். இழையை உருவினேன். கொண்டைப் பக்கம் கை போகவில்லை. குச்சியைக் கிழித்தேன்.

நர்சம்மா குனிந்து ஊதி அணைத்துவிட்டாள்.

"வேணாம் சம்பந்தி. நீங்க பட்டுன்னு சொன்னா பட்டுதான். இதுக்கு எதுக்கு நெருப்பு?"

சம்பந்தியம்மாவின் முகம் சிவந்துவிட்டது. தான் கேட்டதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார். கல்யாண வேலையை அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டு முதலில் வெளியே போனார்.

நர்சம்மா பின்தங்கினாள். தன் துணியை ஒருமுறை தடவிப் பார்த்தாள், அன்று அதைக் கட்டியிருந்த மணப்பெண்ணின் தோளைத் தடவுவதுபோல. பிறகு என் தோளில் ஒட்டியிருந்த நரைமுடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு முடி ரொம்பக் கொட்டுது போல அக்கா" என்றாள்.