காற்றுக்கு வாய் திறந்த முக்காடு

ஏழாவது மாடியில் அக்கா கதவைத் திறந்தபோது, யாரோ வெங்காயத்தைக் கருகவிட்ட நாற்றம் முகத்தில் அடித்தது. அக்கா இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. அது மேல்வீட்டு வெங்காயம். அதற்கும் மேல்வீட்டுக்காரரின் சிகரெட்டும் துணைக்கு வந்திருந்தது. தங்கை மூக்கைப் பொத்தவில்லை. ஆற அமர இழுத்து மோந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது.

ஏசியே வேண்டாத உயரக் கட்டடத்தை வரைந்தவர் என்று ஊரே அத்தானைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. மாடிதோறும் மரங்கள். நடுவே அடியிலிருந்து உச்சிவரை ஒரு காற்றுக்கூடு. வீடுகளின் சூடும் புகையும் அதில் மேலேறி, மொட்டைமாடியில் இருக்கும் பெரிய தகர முக்காட்டின் வாய்வழியே வெளியே போய்விடும். பரிசு வாங்கிய அந்த வரைபடம் தங்கையுடையது. அத்தானின் அலுவலகத்தில் கண் எரிய உட்கார்ந்து வரைந்தது. அதில் அவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். கேட்கப் போனால், குடும்பத்துக்குள் என்ன உன்னுது என்னுது என்று அக்கா வாயை அடைத்துவிட்டாள். அன்றைக்கே தங்கை அந்த வேலையை உதறிவிட்டாள்.

திருடியவர் ஒழுங்காகவாவது திருடியிருக்கலாம். தெருவின் ஒரு பக்கத்து மனைக்கு அவள் வரைந்ததை எதிர்ப்பக்கத்து மனைக்கு மாற்றி, வாசல் தெருவைப் பார்க்கட்டும் என்று கட்டடத்தை முழுசாகத் திருப்பிவிட்டார். கட்டடம் திரும்பும், காற்று திரும்புமா? காற்றுக்கு முதுகைக் காட்ட வேண்டிய முக்காடு இப்போது வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. உள்ளே புகுந்த காற்று எல்லார் வீட்டு நாற்றத்தையும் கீழே தள்ளுகிறது. முக்காட்டை மட்டும் திருப்பி வைத்தால் போதும். அது அவளுக்கு வரும்போதே, தெருவில் நின்று அண்ணாந்தபோதே தெரிந்துவிட்டது.

அத்தான் காபியை அவரே கொண்டுவந்து கொடுத்தார். அதுவே அதிசயம். குடியிருப்பவர்கள் கொதித்துப்போய் இருக்கிறார்களாம், நாளைக்குக் கூட்டமாம், காற்றுக்கூட்டை அடைத்து வீட்டுக்கு வீடு ஏசி மாட்டச் சொல்கிறார்களாம். அப்படிச் செய்தால் தன் மானம் கப்பலேறிவிடும் என்றார். பக்கத்து அறையில் அக்கா இருமிக்கொண்டே இருந்தாள். குடிவந்த பிறகு பிடித்த இழுப்பு, மருந்துக்கு அடங்கவில்லை.

"நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்," என்றார்.

"வரைஞ்சவங்களுக்குத் தெரியாததா அத்தான் எனக்குத் தெரியப்போகுது?"

அவர் கோப்பைக்குள் பார்த்தார். அந்த முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்போல இருந்தது. இருமல்தான் இடைஞ்சல். அதற்காக இளகிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

லிஃப்ட் வரை அக்கா கூடவே வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"இதைச் சரிபண்ண உனக்கு வழி தெரியும்ல?"

"தெரியும்."

அக்கா வீட்டுக்கதவைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "வரைஞ்சது நீதான்டி. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்றே? உள்ள போய் அவர்கிட்ட சொல்லு. நாளைக்குக் கூட்டத்துல அவர் சொல்லட்டும். அப்புறம் நான் வழி சொல்றேன்."

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

தெருவைக் கடந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். எப்போதும் திறந்தே இருக்கட்டும் என்று அவள் வரைந்த ஜன்னல்களை ஆட்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார்கள். ஏழாவது மாடியில் ஒன்று மட்டும் திறந்திருந்தது. அக்கா தெருவுக்கு முதுகைக் காட்டி, ஒரு கையை ஜன்னலில் ஊன்றி, மறுகையை நெஞ்சில் வைத்து, எதிரே நின்ற அத்தானைப் பார்த்து நின்றாள். பேசுகிறாளா, மூச்சுக்குத் திணறுகிறாளா என்று கீழிருந்து தெரியவில்லை.